ஆற்றுக்காகச் சத்தியம் செய்த பன்னிரண்டு பேர்

இத்தாலி தேசத்தின் தெற்கே லொம்பார்டிய இளவரசர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பிடுங்கி ஆண்டுகொண்டிருந்த காலத்தில், தோர்னா என்ற ஆறு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோவிலின் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே, அர்பினெல்லா என்ற ஊரின் மேற்குப் பள்ளத்திலிருந்து கிழக்குப் பள்ளத்துக்கு இடம் மாறியது. சத்தம் எதுவும் இல்லை. முதல் மணி கேட்டுத் துணி துவைக்க மேற்கே இறங்கிய பெண்கள் ஏழு பேர், பள்ளத்தில் தண்ணீருக்குப் பதிலாக முள்ளுச்செடியும் காட்டுப்பூண்டும் நூறு வருஷமாக வேர்விட்டு நிற்பதுபோல் நிற்பதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மூட்டையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு, ஊரைக் குறுக்கே கடந்து, கிழக்குப் பள்ளத்தில் இறங்கித் துவைத்தார்கள். அங்கே ஆறு அதே நிறத்தில், அதே ஆழத்தில், அதே ஒன்பது துவைக்கிற கற்களோடு ஓடிக்கொண்டிருந்தது. லெயோ சுவாமியாருக்குச் செய்தி போனபோது அவர் பீடத்தில் நின்றிருந்தார். பூசையை முடித்து, பாத்திரங்களைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பார்க்கப் போனார்.

கற்கள் ஒன்பதும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தவள் ஏழாவது பெண் கிஸா. ஓடக்காரன் வாரினின் மனைவி. எதையும் இரண்டு முறை எண்ணாமல் நம்ப மாட்டாள்; இந்தக் கதையில் வருகிற எண்ணிக்கை எல்லாம் அவள் எண்ணியதுதான், அதனால் அவற்றில் பிழை இருக்காது.

ஆறு இடம் மாறுவதில் ஊருக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது, எல்லை மட்டும் இல்லாதிருந்தால். மலைக்கோட்டையில் இளவரசர் கிரிமார் ஆண்டார். கடலோரத்தில் இளவரசர் உர்சோ ஆண்டார். இருவரும் ஒரே பாட்டனாரின் பேரன்கள். பாட்டனார் விட்டுப்போன ஒரே நாட்டுக்காகப் பதினோரு வருஷம் சண்டை போட்டார்கள். ஒரு சித்தப்பாவை மொட்டையடித்து மடத்தில் தள்ளினார்கள், அண்ணன் தம்பிமார் மூன்று பேரின் கண்ணை அவித்தார்கள், கடைசியில் அவிக்கக் கண்ணும் அனுப்பப் படையும் குறைந்துபோன பிறகு, ஆயர்கள் நடுவில் உட்கார்ந்து நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். தோர்னாவுக்குக் கிழக்கே எல்லாம் கிரிமாருடையது, மேற்கே எல்லாம் உர்சோவுடையது என்று தோலில் எழுதி இருபுறமும் முத்திரை வைத்தார்கள். எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறுதானே என்று நம்பி எழுதினார்கள்.

ஆக அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாம் மணி அடித்தபோது, அறுபத்தொரு வீட்டில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் படுக்கையை விட்டு எழாமலே கிரிமாரின் குடிகளாக இருந்து உர்சோவின் குடிகளாக ஆகிப்போயிருந்தார்கள்.

மூன்றாம் நாள் உர்சோவின் ஆட்கள் சுவிசேஷப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஊரின் சுதந்திர ஆண்கள் எழுபத்துநாலு பேரிடமும் சத்தியம் வாங்கினார்கள். ஒன்பதாம் நாள் ஆறு மேற்கே திரும்பிவிட்டது. கிரிமாரின் ஆட்கள் வேறொரு சுவிசேஷப் புத்தகத்தோடு வந்து, அதே எழுபத்துநாலு பேரிடம் மறுபடி சத்தியம் வாங்கினார்கள். அதற்கப்புறம் நாலு நாளில் மாறியது, ஒரு மாதம் கழித்து மாறியது, ஒரே வாரத்தில் இரண்டு முறையும் மாறியது. பதினாலு மாதத்தில் இருபத்துநாலு தடவை. லொம்பார்டிய வழக்கத்தில் பெண்ணின் சத்தியத்துக்கு எடை கிடையாது என்பதால் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் துணி துவைக்கப் போகும்போது முதலில் எந்தப் பக்கம் என்று காதைத் தீட்டிக்கொண்டு போகப் பழகினார்கள், அவ்வளவுதான்.

ஊர் அதைத் தனக்குள் வாங்கிக்கொண்ட விதம் இப்படி. மாவரைக்கிறவன் கிழக்கிலும் ஒரு சக்கரம் கட்டினான். சுவாமியார் பூசையில் ‘எங்கள் இளவரசருக்காக’ என்று சொல்லிப் பெயர் வருகிற இடத்தில் இருமினார். வாரினின் ஓடத்தை எட்டு ஆண்கள் தோளில் தூக்கிக் கடைத்தெரு வழியாக ஆறு போன பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். ஓடம் வரும்போது வாசலில் கூடை வைத்திருப்பவர்கள் கேட்காமலே கூடையை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கிரிமாரின் ஆட்கள் பழைய வழக்கப்படி பிடரியை மழித்துக்கொள்வார்கள், உர்சோவின் ஆட்கள் முடியைக் கழுத்துவரை வளர்ப்பார்கள். பிடரியைப் பார்த்தே ஆள் யார் பக்கம் என்று சொல்லிவிடலாம் என்பதால், அர்பினெல்லாவின் ஆண்கள் எழுபத்துநாலு பேரும் ஆளுக்கொரு கம்பளிக் குல்லாய் தைத்துக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சித்திரை வெயிலிலும் கழற்றவில்லை.

குல்லாய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாததால்தான் சந்தேகம் வந்தது. ஆறு நகர்வதைப் பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை. யார் நகர்த்துகிறார்கள் என்றுதான் யோசித்தார்கள். கிழக்குத் தெருக்காரர்கள் மேற்குத் தெருவைச் சந்தேகித்தார்கள், மேற்குத் தெருக்காரர்கள் கிழக்கை. ஆறு பேர் ஒரு பள்ளத்திலும் ஆறு பேர் மறு பள்ளத்திலும் காவல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருப்பவன் எப்போது இமைக்கிறான் என்று பார்த்தார்கள், அதனால் ஆறு அவர்கள் காலடியிலிருந்தே கிளம்பிப் போனதை ஒருவனும் பார்க்கவில்லை. உப்புக் கடன் கேட்கப் போனால் எதற்கு உப்பு என்று கேட்டார்கள். தும்மினால் யாருக்கு ஜாடை என்று கேட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தவக்காலத்தின் நாலாவது வியாழக்கிழமை, ஆறு மேற்கே ஓடிக்கொண்டிருந்த சமயம், வாரின் வழக்கமான ஏழு பேரைக் கூப்பிட்டு ஓடத்தைத் தூக்கிக் கிழக்குப் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தான். காய்ந்த முள்ளின் நடுவே ஓடம். தார் பூச வேண்டும், தார் காய்ச்சுகிற பெர்ட்டோவின் வீடு அந்தப் பக்கம்தானே என்றான். மறுநாள் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே ஆறு கிழக்கே வந்து, ஓடத்தை நோகாமல் தூக்கி மிதக்க வைத்தது.

ஏழு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஆறு நாள் கழித்து ஆறு மேற்கே திரும்பியதும், கிரிமாரின் அதிகாரி எர்மோ நாலு ஈட்டிக்காரர்களோடு வந்து, நேராக வாரினின் வாசலில் நின்று, ஆறு நகரப்போவது ஒரு நாள் முன்னதாகவே தெரிந்த மனிதன் நீதானே என்று மெதுவான குரலில் கேட்டான். எர்மோ பருத்த உடம்புக்காரன், ஒருபோதும் சத்தம் போடாதவன், தன் ஈட்டிக்காரர்களுக்குப் பின்னால்தான் எப்போதும் நடப்பான். முதுகைக் காட்டினால் குத்துவார்கள் என்ற பயம். எல்லையை எதிரிக்குத் தூக்கிக் கொடுத்த குற்றத்துக்குத் தண்டனை இரண்டு கண்ணும் என்று சொன்னான். வாரின் தார் என்றான்.

கிஸா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடத்துக்குத் தார் பூசி அன்றோடு பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது என்பது அவளுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்குள் யாரும் மறுபடி பூச மாட்டார்கள். அதை அவள் எர்மோவிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல், ஊரில் எல்லாரையும் சந்தேகித்துக்கொண்டிருந்த அவள், மலைக்கோட்டைக்குக் கட்டி இழுத்துப்போன தன் புருஷனையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு வழி இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் சுவிசேஷத்தின்மேல் கை வைத்துத் தான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அவனோடு பதினோரு சுதந்திர ஆண்கள் அதே புத்தகத்தில் கை வைத்து, இவன் சொல்வது சுத்தம் என்று சொல்ல வேண்டும். அதில் ஆறு பேரைக் குற்றம் சாட்டியவன் பொறுக்குவான், ஐந்து பேரைக் குற்றம் சாட்டப்பட்டவனின் வீட்டார் கொண்டுவர வேண்டும். ஆறும் ஐந்தும் அவனும், பன்னிரண்டு. பன்னிரண்டு நின்றால் விடுதலை. ஒரு ஆள் குறைந்தாலும் கண் போகும். நாள் குறித்தார்கள்: மே மாதத்தில் வருகிற அதிதூதர் மிக்கேல் திருநாள், அதற்கு நாற்பத்தொரு நாள் இருந்தது.

எர்மோ தன் ஆறு பேரை அப்போதே பொறுக்கிவிட்டான். ஓடத்தைத் தூக்கிய ஏழு பேரில் ஆறு பேர். பொல்லாத கெட்டிக்காரத்தனம் என்று ஊர் பேசிக்கொண்டது. அந்த ஆறு பேரும் வாரின் குற்றவாளி என்றால் ஓடம் தூக்கிய தாங்களும் குற்றவாளி ஆவோம் என்று பயந்து, கட்டாயம் அவனுக்காக நிற்பார்கள். ஆனால் நிற்கும்போது ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பார்கள், அவர்களில் எவன் போய்ச் சொன்னவன் என்பது அப்போது தெரிந்துவிடும், அது எர்மோவுக்கும் தெரியாது, அவனுக்குச் செய்தி வந்ததே யாரோ கோட்டைக் கதவின் அடியில் தள்ளிவிட்டுப் போன சீட்டில். அவனுக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

ஏழாவது ஆள் வாரினின் தம்பி ஆகோ. அவனை விட்டுவிட்டது ஏன் என்று கிஸா யோசித்தாள்.

மற்ற ஐந்து பேருக்காக அவள் அறுபத்தேழு ஆண்களைப் பார்க்கப் போனாள், முப்பத்தெட்டு நாள். ஒருவன் தனக்கு வலது கை வலிக்கிறது என்றான். ஒருவன் வாரின் நல்லவன்தான், அதனால்தான் தன் வாயால் அதைச் சொல்லி அதற்கு விலை குறைத்துவிடக் கூடாது என்றான். மாவரைக்கிறவன், மலைக்கோட்டைச் சுவிசேஷத்தின்மேல் நான் கை வைத்தது உர்சோவுக்குத் தெரிந்தால் என்று ஆரம்பித்து, இது உர்சோவுக்குத் தெரியக் கூடும் என்று நான் பயந்ததை நீ கிரிமாரிடம் சொல்லிவிடாதே என்று முடித்தான். பதினேழு பேர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நாலு பேர் அவளையே திருப்பிக் கேட்டார்கள், நீ ஏன் இவ்வளவு அலைகிறாய், உனக்கு என்ன தெரியும் என்று.

காது கேட்காத கொத்தன் ஒருவன் சரி என்றான். என்னவென்று புரிந்ததா என்று இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் சரி என்றான். தார்க்காரன் பெர்ட்டோ வருவதாகச் சொன்னான், வராவிட்டால் தார் விஷயம் தன்னிடம் திரும்பும் என்பதால். ஊர்த்தெரு முழுவதோடும் சண்டை போட்டிருந்த ஆட்டுக்காரன் ஒருவன், எல்லாரும் மறுத்தார்கள் என்று கேள்விப்பட்டு அதற்காகவே ஒத்துக்கொண்டான். மூன்று.

கடைசியாக ஆகோவின் வீட்டுக்குப் போனாள். அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

“சத்தியம் செய்யறது ஒண்ணும் கஷ்டமில்ல அண்ணி. இருபத்துநாலு தடவை செஞ்சாச்சு. எதுக்குச் செஞ்சோம்னு ஞாபகம் வெச்சுக்கறதுதான் கஷ்டம்.”

“உங்க அண்ணனுக்குக் கண்ணு போனா, வழக்கப்படி நான் உங்க பொறுப்பு. ஓடமும் உங்க பொறுப்பு. அவரையும் கையப் பிடிச்சுக் கரைக்குக் கூட்டிட்டுப் போகணும், தினமும் ஆறு இன்னிக்கு எந்தப் பக்கம்னு சொல்லணும். அவர் நம்ப மாட்டார். நீங்க மறுபடி சொல்லணும்.”

ஆகோ இன்னொரு வெங்காயத்தை எடுத்தான்.

“சீட்டு நான் எழுதலை அண்ணி,” என்றான்.

“நான் கேக்கவே இல்லையே.”

“ஊரே கேக்குது. நீங்க ஒருத்தர்தான் கேக்கல. அதான் பயமா இருக்கு.” அப்புறம் வருவதாகச் சொன்னான். நாலு.

ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை.

திருநாளன்று எர்மோ கிழக்கேயிருந்து மலைப்பாதையில் வந்தான். ஆறு மேற்கே இருந்ததால் கடக்க வேண்டியிருக்கவில்லை. முன்னால் நாலு ஈட்டிக்காரர்கள், நடுவில் மாட்டுவண்டி, வண்டியில் கை கட்டப்பட்ட வாரின், பின்னால் அவன். வண்டியில் ஒரு இரும்புச் சட்டியும் கரியும் இருந்தன. இங்கேயே முடித்துவிட்டுப் போக எண்ணம். கோவில் முன்னால் இருக்கிற புல்வெளியில் மேசை போட்டுப் புத்தகத்தை வைத்தார்கள். முந்நூற்றுப் பதினோரு பேரும் வந்து நின்றார்கள். ஈட்டிக்காரன் ஒருவன் கரியை ஊத ஆரம்பித்தான்.

எர்மோ எண்ணினான். கிஸா அவனுக்கு முன்பே எண்ணி முடித்திருந்தாள். ஆறும் நாலும் பத்து, வாரினோடு பதினொன்று.

“ஒண்ணு குறையுதே,” என்றான் எர்மோ, வருத்தப்படுகிறவன் போல.

கிஸா முன்னால் வந்து தன்னைப் பன்னிரண்டாவதாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஈட்டிக்காரர்கள் சிரித்தார்கள். பெண் எப்போதும் ஒரு ஆணின் பொறுப்பில் இருப்பவள், அவள் சத்தியம் அவளுடையது அல்ல என்று எர்மோ பொறுமையாக விளக்கினான்.

“அது எனக்கும் தெரியும் ஐயா. ஆனா இந்த ஊர்ல ரெண்டு இளவரசருக்கும் சத்தியம் பண்ணாதவங்கன்னு பாத்தா நாங்க மட்டும்தான் இருக்கோம்.”

சொல்லக் கூடாததை அவள் சொல்லிவிட்டாள். எர்மோவின் முகம் மாறியது. அவன் மேசையை விட்டு நகர்ந்து, வரிசையில் நின்ற பத்துக் குல்லாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அதே மெதுவான குரலில் கேட்டான்:

“உங்கள்ல யார் யார் உர்சோவுக்குச் சத்தியம் பண்ணினது?”

ஒருவன் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் கண் போகும். பத்துப் பேரும் அசையாமல் நின்று, அசையப்போவது யார் என்று பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தார்கள். கூட்டம் அந்தப் பத்துப் பேரைப் பார்த்தது. எர்மோ கூட்டத்தைப் பார்த்தான். ஈட்டிக்காரர்கள் எர்மோவைப் பார்த்தார்கள். வாரின் தன் மனைவியைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புல்வெளியில் அந்த நேரத்தில் மனித முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்துக்கொண்டிருந்தவர் யாரும் இல்லை. கரி கூடக் கவனிப்பாரில்லாமல் சாம்பல் பூத்தது.

முதலில் தலையைத் திருப்பியது வண்டிமாடு. அதற்குத் தாகம். கிழக்கே பார்த்துக் காதை ஆட்டியது.

பிறகுதான் எல்லாருக்கும் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் இதுவரை முதுகுப் பக்கம் இருந்தது, இப்போது முகத்தின் பக்கம் இருந்தது. எர்மோ வந்த மலைப்பாதை புல்வெளியின் விளிம்பிலிருந்து இறங்கித் தோர்னாவுக்குள் போய், அந்தக் கரையில் ஏறி, மறுபடி மலைப்பாதையாகப் போனது.

“இருபத்தைந்தாவது தடவை,” என்றார் லெயோ சுவாமியார், இருமாமல்.

ஊர்க்காரர்கள் பழக்கத்தால் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கினார்கள். யாரோ போய்க் கோவில் வாசலில் இருந்த கொடியை மாற்றினார்கள், பெண்கள் இருவர் துணி எடுத்துவர வீட்டுக்குப் போனார்கள். எர்மோ மட்டும் நின்ற இடத்தில் நின்றான். நாலு ஈட்டிக்காரர்களோடு உர்சோவின் மண்ணில், ஆற்றுக்குத் தப்பான பக்கத்தில். ஈட்டிக்காரர்கள் நாலு பேரும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டதை அவன் பார்த்தான். அவனுக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை என்பதையும், கோட்டைக்குத் திரும்பியதும் முதலில் வாயைத் திறப்பவன் இந்த நாலில் ஒருவன்தான் என்பதையும் அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அவன் நெற்றியிலேயே தெரிந்தது.

கிஸா அவன் பக்கத்தில் போய் நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

“நீங்க எல்லையைத் தாண்டலைன்னு உங்க இளவரசர் நம்புவாரா ஐயா?”

எர்மோ ஆற்றைப் பார்த்தான்.

“நம்ப மாட்டாருன்னா உங்களுக்கும் பதினோரு பேர் வேணும். ஆறு பேரை அவர் பொறுக்குவார். மிச்சம் அஞ்சு பேரை நீங்க தேடணும். நான் முப்பத்தெட்டு நாள் தேடினேன். உங்களுக்கு அவ்வளவு நாள் குடுப்பாங்களோ என்னவோ.”

“இவங்க எல்லாம் பாத்தாங்க,” என்றான் எர்மோ. முதல் முறையாக அவன் குரல் சற்று உயர்ந்திருந்தது. “ஆறு தானா வந்தது. நான் எதுவும் பண்ணலை.”

“அதைத்தான் என் வீட்டுக்காரரும் சொல்றார்.”

அவன் மேசையைப் பார்த்தான். புத்தகம் திறந்தே இருந்தது. உர்சோவுக்கு ஒருபோதும் சத்தியம் செய்யாத சுதந்திர ஆண் அந்தப் புல்வெளியில் தன்னைச் சேர்த்து ஐந்தே பேர்தான் என்பதும், அதில் மற்ற நாலு பேரைத் தான் நம்பவில்லை என்பதும் அவனுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. இவனுக்காக நான் நின்றால் எனக்காக இவனும் இந்தப் பத்துப் பேரும் நிற்பார்களா என்று கேட்டான். நிற்பார்கள் என்றாள் கிஸா. எப்படித் தெரியும் என்றான். இருபத்துநாலு தடவை நின்று பழகிவிட்டது என்றாள்.

இப்படியாக, குற்றம் சாட்டியவனே பன்னிரண்டாவது ஆளாகக் கை வைத்தான். அப்படி ஒரு வழக்கம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவும் இல்லை. வாரினின் கட்டை அவிழ்த்தார்கள். பன்னிரண்டு கைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புத்தகத்தை மூடின. தோர்னா ஆறு தானாக நகர்ந்தது, மனிதர் யாரும் அதை நகர்த்தவில்லை, நகரப்போவது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்று சுவாமியார் சொல்லச் சொல்லப் பன்னிரண்டு பேரும் திருப்பிச் சொன்னார்கள். கொத்தன் மட்டும் ஒரு வார்த்தை பிந்தினான். ஈட்டிக்காரர்கள் சட்டியிலிருந்த கரியைப் புல்லில் கொட்டி மிதித்து அணைத்தார்கள். பிறகு அதே புத்தகத்தில் எர்மோவுக்காக இன்னொரு முறை சொன்னார்கள். இரண்டாம் முறை கொத்தன் பிந்தவில்லை.

எட்டுப் பேர் ஓடத்தைத் தூக்கிக் கிழக்கே கொண்டுவந்தார்கள். எர்மோ முதல் நடையில் ஏறவில்லை. ஈட்டிக்காரர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பி, அவர்கள் அக்கரையில் இறங்கி முதுகைத் திருப்பி நிற்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் ஏறினான். கரை ஏறும்போது வாரினின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். எதையோ கேட்க வந்தவன், தான் கை வைத்த புத்தகம் ஞாபகம் வந்து, கேட்காமலே மலைப்பாதையில் நடந்தான்.

அன்று மதியம் வாரின் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்தான். கிஸா கீரையும் மொச்சையும் போட்ட கஞ்சியை அவன் முன்னால் வைத்தாள். நாற்பத்தொரு நாளில் அவன் தாடி மார்புவரை இறங்கியிருந்தது. கண்கள் இரண்டும் இருந்தன. அவள் முதலில் அவற்றைத்தான் எண்ணினாள். ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஆட்கள் நடக்கிற சத்தம் வந்தது, இவர்கள் வாசலுக்கு நேரே வரும்போது ஒவ்வொரு காலடியும் மெதுவானது.

எதிரே உட்கார்ந்தாள். பத்தொன்பது நாள் என்ற வார்த்தை அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தொரு நாளாக அவள் சுமந்து வந்த அந்த வார்த்தையை அவள் முகத்திலேயே வாரின் படித்துவிட்டான். கரண்டியைக் கீழே வைத்தான்.

“கிஸா, அன்னிக்கு ஓடத்தை நான் ஏன்…”

அவள் எட்டி, தன் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். யாருக்கும் தெரியாது என்று பன்னிரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. தெரிந்துகொண்டால் தெரிந்தவள் ஒருத்தி ஊரில் இருப்பாள். அவளிடம் யாராவது ஒருநாள் கேட்பார்கள். வாழ்நாளில் அவள் எண்ணாமல் விட்டது எதுவும் இல்லை, தெரியாமல் விட்டதும் இல்லை. இப்போது விட்டாள்.

அவள் கைக்கு அடியில் அவன் உதடுகள் அசைந்தன, ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. பிறகு நின்றன. கஞ்சியில் ஆவி அடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.